நாற்பத்தைந்து அண்ணையுடன் துரொண்ட்ஹெய்ம் வரை

அன்று வான் வண்டிக்குள் இருந்தவர்கள் நான், கஜன், அபி, சாரதி இருக்கையில் நாற்பத்தைந்து அண்ணை. இல்லாதவன் சுதன். பயணத்துக்கு யோசனை சொன்னவன், நான்கு டிக்கெட்டையும் வாங்கியவன், எங்கள் கூட்டத்தில் காரும் லைசன்ஸும் வைத்திருந்த ஒரே ஆள், முதல்நாள் மாலை முப்பத்தொன்பது பாகை காய்ச்சலோடு படுத்துவிட்டான். அவன் படுத்ததால்தான் நோர்வே நாட்டிலேயே சட்டத்தை மிக ஆழமாக நம்பிய மனிதரோடு நாங்கள் புறப்பட வேண்டி வந்தது. அந்தச் சட்டத்தைக் கையுயர்த்தி நிறைவேற்றியவர்களில்கூட அப்படி நம்பியவர் ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

கனரக வாகனம் ஓட்டுபவர் நாலரை மணித்தியாலம் ஓடினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். இங்கே அது விதி. லொறி ஓட்டுகிற எல்லாரும் அதை வேலை நேரத்தில் கடைப்பிடிப்பார்கள். லொறிச் சாரதியான அண்ணை அதை வாழ்க்கை முழுவதற்கும் எடுத்துக்கொண்டார். சொந்த மகளின் அரங்கேற்றத்தில், மண்டபத்துக்கு வந்து நாலரை மணித்தியாலம் ஆனதும், தில்லானா தொடங்குகிற நேரம் பார்த்து முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனார். வானுக்குள் இருக்கையைச் சாய்த்துப் படுத்தார். திரும்பி வந்தபோது மாலை போடுவதற்கு மகள் இருந்தாள், பார்ப்பதற்கு ஆட்டம் இருக்கவில்லை. சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடினாலும் அதே கதைதான். கையில் வெல்லுகிற சீட்டுகள் நிறைந்திருக்கும்போதே அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்புவார். "ஒருத்தரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டுப் போவார். முக்கால் மணித்தியாலம் மூன்று பேர் அந்தச் சீட்டுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில், எங்கள் தொடர்மாடியில் எங்களுக்குக் கீழ்த்தளம் அவர் வீடு. கதவில் இருந்தது மனைவியின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. இருட்டில் தெரிகிற மஞ்சள் மேலாடையைக் கழற்ற மாட்டார். பட்டு வேட்டி கட்டினாலும் அதற்கு மேல் அது இருக்கும். வானின் முகப்பில் முட்டை வடிவத்தில் ஒரு சமையலறை மணிக்கூடு ஒட்டியிருந்தது. ஓய்வு தொடங்கும்போது அதை முறுக்கி வைப்பார். அது கிணுகிணுக்கும்வரை அந்த மனிதரைக் கடவுளாலும் எழுப்ப முடியாது.

இனி நாங்கள் பார்க்கப் புறப்பட்ட இசைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் நோர்வேஜியப் பெயரைத் தமிழில் சொன்னால் ஆறின கோப்பி. நாங்கள் அப்படியே அழைத்தோம். எங்கள் வீட்டில் பாடசாலையை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பதினொரு வயதில் இங்கே வந்தபோது வீட்டுப்பாடம் சொல்லித்தர வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் என்னுடைய புத்தகங்களைச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள்; அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. நான் ஆறின கோப்பியின் பாட்டுகளை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாக எழுதி, அகராதியில் தேடி இந்த நாட்டின் மொழியான நோர்ஸ்க்கைப் பிடித்தேன். அந்தக் குழு கலையப்போவதாக அறிவித்துக் கடைசிச் சுற்றுப்பயணம் புறப்பட்டது. ஒஸ்லோ டிக்கெட்டுகள் நாங்கள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன. கிடைத்தது துரொண்ட்ஹெய்ம், சனிக்கிழமை, இரவு எட்டு மணி. அந்த மேடையில் அவர்களைப் பார்க்காவிட்டால் இனி எந்த மேடையிலும் பார்க்க முடியாது.

சுதன் படுத்த மாலை ரயிலில் இடம் தேடினோம். இல்லை. மூன்று பேரும் படியிறங்கிப் போய்க் கீழ்த்தளக் கதவைத் தட்டினோம்.

"அண்ணை, நாளைக்குத் துரொண்ட்ஹெய்ம் மட்டும் ஓடேலுமோ?" என்று கஜன் கேட்டான்.

"என்ன சாமான்?"

"சாமான் இல்லை அண்ணை. நாங்கள் மூண்டு பேர்தான்."

"எத்தினை கிலோ?"

"அங்கிள்!" என்றாள் அபி. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எடை கேட்பதற்கு எதிராகத் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது என்று நம்புகிறவள்.

விஷயத்தைச் சொன்னோம். அண்ணை நிலைக்கதவில் சாய்ந்து யோசித்தார். "ஆறின கோப்பிக்கு ஆரும் ஐநூறு கிலோமீற்றர் போவினமோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, வாறன். காலமை எட்டே முக்காலுக்குக் கீழை நில்லுங்கோ. ஆனா சட்டம் சட்டம்தான். பேந்து கதைக்கப்படாது."

எட்டே முக்காலுக்குக் கீழே நின்றோம். வான் சரியான நேரத்துக்கு வந்தது. அண்ணை இருக்கையைச் சாய்த்தார், முட்டையை முறுக்கினார், கண்ணை மூடினார். அதிகாலையில் யாருக்கோ சாமான் இறக்க ஒரு மணித்தியாலம் லொறி ஓடியிருக்கிறார். ஓய்வெடுக்காமல் புது ஓட்டம் தொடங்க மாட்டாராம். பைகளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் நின்ற எங்களைப் பார்த்து எதிர்வீட்டு நோர்வேஜியக் கிழவர், யாரையாவது உதவிக்குக் கூப்பிடவா என்று கேட்டார்.

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். முதல்நாள் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பின்னிருக்கையில் ஏறியதும் தூங்கிப்போனேன். விழித்தபோது மணி இரண்டு. வான் நின்றிருந்தது. இடப்பக்கம் பனிக்குவியல், வலப்பக்கம் பனிக்குவியல். முன்னால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் தொம்போஸ் என்கிற சிற்றூரும் அதன் சிற்றுண்டிச்சாலை விளக்கும் தெரிந்தன. பனியில் மெதுவாக வந்ததால் நாலரை மணித்தியாலம் அங்கே முடிந்திருந்தது. முட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கை கோப்பி இருக்கு அண்ணை, சுடச்சுட" என்று கஜன் கெஞ்சினான்.

"உங்களுக்குத்தான் ஆறினது விருப்பமாச்சே."

படித்தவன் என்கிற பொறுப்பு எனக்கு அப்போது தலைக்கேறியது. கைப்பேசியில் விதியைத் தேடி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அண்ணை, இது மூண்டரைத் தொன்னுக்கு மேலை உள்ள வாகனத்துக்குத்தான். வடிவா எழுதிக்கிடக்கு. உங்கடை வானுக்கு இது இல்லை."

அண்ணை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தம்பி, நித்திரை வாறது வானுக்கோ, கண்ணுக்கோ?"

"கண்ணுக்கு."

"என்ரை கண் எத்தினை தொன் எண்டு அதிலை போட்டிருக்கே?"

நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன். பல்கலைக்கழகத்தில் என்னிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அபி பின்னால் சிரிசிரி என்று சிரித்தாள். "ஏய், நீயெல்லாம் மாஸ்டர் செய்யிறாயாம்."

தொம்போஸ் தாண்டினால் தோவ்ரே மலை. காற்றில் பனி எழும்பி வீதியை மூடியிருந்ததால் தடுப்புக் கம்பத்தை இறக்கியிருந்தார்கள். பனி தள்ளும் வாகனம் முன்னே போக, மற்ற வாகனங்கள் வரிசையாகப் பின்னே போக வேண்டும்; அது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அண்ணை ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டி, ஓய்வெடுத்தாயிற்றா என்று விசாரித்து வந்தார். மஞ்சள் மேலாடையைப் பார்த்து அவரை வீதி அதிகாரி என்று நினைத்த ஒரு குடும்பம் பிள்ளைகளோடு இறங்கி நின்று பதில் சொன்னது. ஒரு ஜெர்மன்காரர் தன்னுடைய லைசன்ஸையே எடுத்துக் காட்டினார். அண்ணை அதை இரண்டு பக்கமும் பார்த்து, திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார்.

வரிசை நகர்ந்தது. எனக்கு மறுபடியும் கண் சொக்கியது.

இயந்திரம் நின்ற அமைதியில்தான் அடுத்ததாக விழித்தேன். ஏழேகால். ஒரு பெற்றோல் நிலையத்தின் ஓரம். கஜன் தலையில் கைவைத்திருந்தான்.

"வந்திட்டமோ?" என்றேன்.

"ஹெய்ம்தால்" என்றான் கஜன். துரொண்ட்ஹெய்மின் தெற்கு விளிம்பு. மண்டபத்துக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீற்றர். "அண்ணைக்கு ஒன்பது மணித்தியாலம் முடிஞ்சுதாம்."

"ஒரு நாளைக்கு ஒன்பதுதான்" என்றார் அண்ணை. "காலமை ஒண்டு, வழியிலை எட்டு. கிழமைக்கு ரெண்டு நாள் பத்து ஓடலாம். அந்த ரெண்டையும் திங்களும் புதனும் ஓடிட்டன். இனிப் பதினொரு மணித்தியாலம் ஓய்வு."

"பதினொண்டோ! அங்கிள், காலமை ஆறேகாலுக்கு கொன்சேர்ட்டிலை ஆர் நிப்பினம்? மண்டபம் கூட்டுறவங்கள்தான் நிப்பினம்!" என்று அபி கத்தினாள்.

டாக்ஸிக்குக் கஜன் முயன்றான். பனி காரணமாக ஒரு மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னார்கள். பேருந்து சற்றுமுன்தான் போயிருந்தது. ஐநூறு கிலோமீற்றர் வந்து பன்னிரண்டு கிலோமீற்றரில் தோற்பதா? எனக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக எழும்பி நின்றது.

"அண்ணை, நீங்கள் ஓடவேண்டாம். பக்கத்திலை இருங்கோ. நான் ஓடுறன்."

கஜன் தலையிலிருந்து கையை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சாரதிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன் என்பது ரொம்மன் முழுவதும் தெரியும். முதல் தடவை சுற்றுவட்டத்தில் தவறான பக்கம் பார்த்தேன். இரண்டாம் தடவை எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

"நீ பழகலாம், சட்டம் விடும்" என்றார் அண்ணை மெதுவாக. "ஆனா பழகிறவனுக்குப் பக்கத்திலை இருக்கிறவன்தான் சட்டப்படி சாரதி. தெரியுமோ?"

தெரியும். அதைப் படித்துத்தான் எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தேன். உண்மையைச் சொன்னேன். "அண்ணை, எனக்கு நோர்ஸ்க் படிப்பிச்சது இவங்கள்தான். ஒருக்கால் நேரை பாக்கவேணும். அவ்வளவுதான்."

அண்ணை இறங்கினார். வானை ஒருதரம் சுற்றி நடந்தார். பின்கதவைத் திறந்து எதையோ கிளறினார். திரும்பி வந்தபோது கையில் பழகுநர் வாகனத்துக்கு ஒட்டுகிற சிவப்பு 'எல்' பலகையும் ஒரு மேலதிகக் கண்ணாடியும் இருந்தன. மனைவிக்கு வாகனம் பழக்க வாங்கியவை அவை. முதல் நாளே அவர் கொடுத்த ஓய்வுகளைத் தாங்க முடியாமல் அந்த அக்கா நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

"சட்டப்படி சாரதி நான்தான்" என்றார். "ஆனா கண் உன்ரை. உன்ரை கண் காலமை துவக்கம் நித்திரைதானே? அதுக்கு ஒன்பது மணித்தியாலமும் அப்பிடியே மிச்சம் கிடக்கு. ஏறு."

வாழ்க்கையில் என் தூக்கத்தை ஒருவர் தகுதியாகக் கணக்கெடுத்தது அதுதான் முதல் தடவை.

ஏறினேன். மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் துரொண்ட்ஹெய்முக்குள் நுழைந்தோம். எங்களுக்குப் பின்னால் வாகனங்கள் கல்யாண ஊர்வலம்போலச் சேர்ந்தன. அண்ணை திரும்பி, பின்கண்ணாடி வழியாக அவர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு வந்தார். முதல் சுற்றுவட்டத்தைக் கடந்தேன். இரண்டாவதையும் கடந்தேன். மூன்றாவதில் வெளியேறும் வழியைத் தவறவிட்டேன். மறுபடியும் தவறவிட்டேன்.

"அண்ணை, என்ன செய்ய?"

"சுத்து, சுத்து. கோயிலெண்டாலும் மூண்டு தரம் சுத்தத்தானே வேணும்."

மூன்றாம் சுற்றில் வழி கிடைத்தது. "அரோகரா" என்றான் கஜன்.

எட்டு இருபதுக்கு மண்டபம். வான் நின்ற இடத்தில் நிற்க, ஓடினோம். வாசலில் நின்ற பெண் அண்ணையின் மேலாடையைப் பார்த்துப் பணியாளர் என்று நினைத்து வழிவிட்டாள். அண்ணை போக மறுத்தார். உள்ளே ஓடிவிட்ட என்னைத் திருப்பிக் கூப்பிட்டு, என் கைப்பேசியில் சுதனின் டிக்கெட்டைக் காட்டச் சொல்லி, அது 'பீப்' என்று சத்தமிட்ட பிறகுதான் நுழைந்தார்.

உள்ளே தரை அதிர்ந்தது. அபியும் கஜனும் கூட்டத்துக்குள் மறைந்தார்கள். அண்ணை பையிலிருந்து லொறிவேலைக் காதுமூடியை எடுத்து மாட்டினார். சுவரோரம் உட்கார்ந்தார். ஆயிரம் பேர் குதித்த அந்த மண்டபத்தில் ஒருவர் மட்டும் சட்டப்படி ஓய்வெடுத்தார். நடுவில் ஓர் இளைஞன் அவரை எழுப்பிக் கழிப்பறை எங்கே என்று கேட்டதையும், அவர் கண்ணைத் திறக்காமலே திசை காட்டியதையும் நான் பார்த்தேன். திசை சரியாகவே இருந்தது.

கடைசிக்கு முன்னால் அந்தப் பாட்டு வந்தது. நான் முதன்முதலில் எழுதி முடித்த பாட்டு. என்னால் பாட முடியவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன். தோளில் கை விழுந்தது. அண்ணை எழும்பி வந்திருந்தார். காதுமூடியைக் கழற்றியிருந்தார்.

"உனக்குப் படிப்பிச்ச பாட்டு இதுவோ?"

"ஓம் அண்ணை."

"என்ன சொல்லுறான்?"

அவர் காதுக்குள் கத்திக் கத்தி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வாசல் விளக்கை அணைக்காதே, பனி கொட்டுகிறது, நான் இன்னும் வீதியில்தான் இருக்கிறேன், வந்துவிடுவேன். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்ல பாட்டு" என்றார். "ஆனா ஆள் ஓய்வெடுத்துத்தான் ஓடுறானோ எண்டு சொல்லேல்லையே."

அதற்குப் பிறகு அவர் காதுமூடியை மாட்டவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை என் பக்கத்திலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பதினொரு மணித்தியால ஓய்வு நடந்துகொண்டிருந்ததால் நடந்துபோய் ஒரு வாடகைக் குடிலில் தங்கினோம். விடிந்து வானுக்குப் பக்கத்தில் போனபோது கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் அபராதச் சீட்டு இருந்தது. நான் நிறுத்தியது சைக்கிள்களுக்கான இடமாம். நான் கையை நீட்டுவதற்குள் அண்ணை அதை எடுத்து மேலாடைப் பைக்குள் வைத்துவிட்டார். "இஞ்சை நான்தான் சாரதி. நீ போய் மூண்டாம் தரம் பரீட்சை எடு" என்றார். எடுத்தேன், தேறினேன்.

அண்ணை இப்போது மகளோடு லில்லெஸ்ட்ரோம் நகரில் இருக்கிறார். எங்கள் தொடர்மாடியில் சீட்டாட்டங்கள் தடங்கலில்லாமல் நடக்கின்றன. யாருக்கும் அவை அவ்வளவாக ருசிக்கவில்லை. அந்தப் பயணத்தின் செலவை ரொம்மனுக்கு வந்த அன்றே கஜன் கூட்டிப் பார்த்தான்: குடில், டீசல், வீதிக் கட்டணம், வழியில் சாப்பிட்டவை, எல்லாமாக ஐயாயிரத்து நூற்றறுபது குரோனர். அண்ணையையும் சேர்த்து நான்கால் வகுக்கலாம் என்று, ஒரு குரோனரையும் விடாமல் கூட்டிய அவன்கூடச் சொல்லவில்லை. மூன்றால் வகுத்தோம். ஆளுக்கு ஆயிரத்து எழுநூற்றிருபது.