கூட்டாவும் ஊட்டாவும்

தப்பு என்னுடையதுதான். ஒரே ஒரு எழுத்து. அதுவும் இங்கிலீஷ் எழுத்து.

நூலகத்து அறிவிப்பு கன்னடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கன்னடம் பேச வரும், சண்டை போட வரும், எழுதத்தான் கை கூசும். ஆகவே செல்போனில் இங்கிலீஷில் தட்டுவேன். அது கன்னடமாக மாற்றிக் கொடுக்கும். ‘ஓதுகர கூட்டா’ என்று தட்டியிருக்க வேண்டும். வாசகர் கூட்டம் என்று அர்த்தம். தட்டிய அவசரத்தில் முதல் ‘கே’ விழவில்லை. கூட்டா, ஊட்டா ஆகிவிட்டது.

ஊட்டா என்றால் சாப்பாடு. கோலார் தங்க வயலில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த கன்னட வார்த்தை அதுதான்.

‘கடைசி ஞாயிறு மாலை நாலு மணி. நூலகத்தில் வாசகர் சாப்பாடு. இலவசம். அனைவரும் வருக.’ இந்த அர்த்தம் வரும் தாளை என் கையாலேயே பசை தடவி கோரமண்டல் ஸ்டேஷனில் ஒட்டினேன். பெங்களூர் வேலைக்குப் போகிற ஜனம் காலையில் அங்கேதான் ரயிலுக்கு நிற்கும். நாலு நாள் எல்லோரும் நிதானமாகப் படித்திருக்கிறார்கள். படிக்காதவன் நான் ஒருத்தன்தான். நூலக உதவியாளன்.

அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எனக்கு உயிர் போகிற விஷயம். எங்கள் கிளை நூலகத்தின் பின்னறையில் மூன்று பீரோ தமிழ்ப் புத்தகம், நாலு பெஞ்சு, சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு ஃபேன். மேலதிகாரி மமதா மேடம் போனில் சொல்லிவிட்டார். மூன்று மாதம், மாதம் இருபது பேராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அறைக்குப் பூட்டு. பீரோக்கள் வேறு ஊருக்கு லாரி ஏறும். அந்தப் புத்தகங்களில் பாதிக்கு நான்தான் அட்டை போட்டவன். சில புத்தகங்களுக்கு இரண்டு தடவை.

அதுவரை என் வாசகர் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர் ஃப்ரெடி அண்ணன் ஒருவரே. அவரும் தூங்க வருகிறவர்.

ஞாயிறு மூன்றரை மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் அறுபது பேர். கையில் தட்டு, டிபன் கேரியர், தூக்கு. முதல் ஆளாக ரத்தினம்மா அக்கா, இடுப்பில் தூக்கு. எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் அவர் குரல் கேட்காத வீடு கிடையாது.

"இன்னா மனோகரு, பந்தி எங்க? உள்ளயா, வெளியவா?"

"இன்னா பந்திக்கா?"

"ஸ்டேசன்ல ஒட்டிகீதே! வாசகர் ஊட்டான்னு."

செல்போனை எடுத்துப் பார்த்தேன். ‘கே’ இல்லை.

"அக்கா, அது ஊட்டா இல்லக்கா. கூட்டா! கூட்டா!" என்று கத்தினேன்.

"வெறும் கூட்டா?" என்றார் காத்தவராயன் அண்ணன். சுரங்கத்தில் ஷிஃப்டு பார்த்து ரிடையர் ஆனவர். பூமிக்குக் கீழே பேசிப் பழகிய குரல், மேலே நாலு தெருவுக்குக் கேட்கும். "சோறு இல்லியா?"

"அண்ணே, அந்தக் கூட்டு இல்ல..."

"பரவால்ல விடு. பொரிச்ச கூட்டா, பருப்பு போட்ட கூட்டா?"

"சோறு நம்ம வூட்ல கீதுப்பா. கூட்டு மட்டும் ஊத்து, போய்க்கினே இருக்கோம்" என்று தூக்கை நீட்டினார் ரத்தினம்மா அக்கா.

இந்த இடத்தில் தைரியசாலி ஒருவன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் பதிவேட்டை நினைத்தேன். அறுபது கையெழுத்து! "அரை மணி நேரம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் என் மனைவி நளினி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நீ எழுதின ஊட்டா. நீயே ஆக்கு."

கொல்லைக் கொடியில் சௌசௌ காய்த்துத் தொங்கியது. பறித்தேன், நறுக்கினேன், பருப்போடு கொதிக்க வைத்தேன். உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்தது, போட்டேன். பிறகு மறுபடியும் சந்தேகம் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், எனக்கு மூன்று தடவை சந்தேகம் வந்தது.

குண்டானை கேரியரில் கட்டி எடுத்து வந்து பின்னறையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. யாரும் கிளம்ப முடியவில்லை. கிடைத்தது சந்தர்ப்பம் என்று ஒரு நாவலை எடுத்து முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் ஒரு பெண்ணின் கதை.

"போவட்டும் அவ" என்றார் ரத்தினம்மா அக்கா.

"அது எப்டி போவும்? அந்தப் பையன் மேல இன்னா தப்பு?" என்றார் காத்தவராயன் அண்ணன்.

"நீ ஆம்பள, உனுக்கு அப்டித்தான் தெரியும்."

மழை விட்ட பிறகும் சண்டை விடவில்லை. ஃப்ரெடி அண்ணன்கூட விழித்துக்கொண்டு, "யார் செத்தது?" என்று கேட்டார்.

அறுபத்தொரு கையெழுத்து. மறுநாள் மமதா மேடத்துக்குப் போட்டோ அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"தும்ப சந்தோஷா மனோகர்! ரொம்ப சந்தோஷம்! ஆனா அது என்ன, புத்தகத்து மேல மஞ்சளா கறை? போட்டோல தெரியுது. ரூமுக்குள்ள சாப்பாடு கூடாது, கேட்டீங்களா?"

"சரி மேடம். ரூம் இருக்கும்ல?"

"நோடோணா."

பார்க்கலாம். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அது.

இரண்டாவது மாதம் கூட்டை வராந்தாவுக்கு மாற்றினேன். இதில் ஒரு சிக்கல். வெளியில் தின்றுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால்? தின்றவனை உள்ளே எப்படி இழுப்பது?

வழி சொன்னவர் காத்தவராயன் அண்ணன். "டோக்கன் குடு. நாங்க சொரங்க ஷாஃப்ட்ல எறங்கசொல்ல டோக்கன் வாங்கிக்கினுதான் கேஜ்ல, அதான் கூண்டு லிஃப்ட்ல, ஏறுவோம். எத்தினி பேர் உள்ள, எத்தினி பேர் வெளிய, எல்லாம் கரெக்டா தெரியும். வாசல்ல நான் நிக்கறேன்."

பிரமாதமான யோசனையாகப் பட்டது. பழைய கேட்டலாக் கார்டுகளை நாலாக வெட்டி, தேதி முத்திரை குத்தினேன். ஒரு கரண்டி கூட்டு, ஒரு டோக்கன். உள்ளே போகும்போது அதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கித் தின்றவனுக்கு மனசாட்சி உறுத்தி, உள்ளே வந்துதானே ஆக வேண்டும்?

வந்தார்கள். எழுபத்திநாலு பேர்! காத்தவராயன் அண்ணன் வாசலில் கேஜ் கதவுக்குக் காவல் நிற்கிற மாதிரி நின்றார்.

"டோக்கன்! டோக்கன் இல்லாதவங்க எறங்கக் கூடாது!"

"யோவ், நான் உன் மச்சான்யா."

"கேஜ்ல மச்சான் கெடையாது. போய் சாப்ட்டு வா."

அன்றைக்குக் கிருத்திகை. ரத்தினம்மா அக்கா டோக்கன் மட்டும் கேட்டார். "விரதம்ப்பா. கூட்டு வாணாம்."

கணக்கு உதைக்குமே என்று எனக்குப் பயம். "ஒரே ஒரு கரண்டிக்கா. எனக்காக."

அக்கா வானத்தைப் பார்த்து, "முருகா, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஒரே மூச்சில் விழுங்கினார்.

எனக்குப் புல்லரித்தது. ஒரு விரதத்தையே முறிக்கிற கூட்டு! அன்றிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. எல்லோரும் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தேன். சிலர் மென்றுகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு ஆசை. காத்தவராயன் அண்ணன் சட்டைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலமே கொண்டு வந்திருந்தார். ரசித்துச் சாப்பிடுகிறவர்.

ராத்திரி வீட்டில் நளினியிடம் பெருமையாகச் சொன்னேன். "அவங்க மூஞ்சியப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேனே! கண்ல தண்ணி!"

"அதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று படித்த இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். அறையில் எழுபத்திநாலு பேரும் ரயில் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள். நான் புத்தகத்தை மூடியதும் ஒரு முனகல் எழுந்தது. மறுபடியும் பசி வந்துவிட்டதாக்கும் என்று எண்ணி, அடுத்த மாதத்துக்குப் பெரிய அண்டா ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன்.

மூன்றாவது மாதம். கடைசி ஞாயிறு. மூன்று மணிக்கு நூலக வராந்தாவில், அண்டாவில் கூட்டு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கியவர் மமதா மேடம்.

அவர் அண்டாவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். கரண்டியைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஏன்ரீ மனோகர், இது லைப்ரரியா, சத்திரமா?"

"மேடம், வாசகர்களுக்கு ஒரு இது..."

"அப்ப இந்தக் கையெழுத்தெல்லாம் சாப்பாட்டுக்கு வந்த கையெழுத்து! புத்தகத்துக்கு வந்தது எத்தனை?"

அதே கேள்வியை நான் எத்தனை ராத்திரி உத்தரத்தைப் பார்த்துக் கேட்டிருப்பேன்! வந்தவர்களிடமே ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதானப்பா" என்பார் ஒருவர். "ரெண்டும் வேணும்ல" என்பார் இன்னொருவர். நேராக ஒருத்தரும் சொன்னதில்லை.

"இன்னிக்கு சாப்பாடு கிடையாது" என்றார் மேடம். "அண்டா திரும்பிப் போகட்டும். நான் இங்கேயே உட்கார்ந்து எண்ணுவேன். நாலரைக்குள்ள இருபது பேர். இல்லன்னா நாளைக்கே பூட்டு."

"மேடம், இருபது வந்தா ரூம் இருக்கும்ல?"

"நோடோணா."

அண்டா போயிற்று. நாலு மணிக்கு ஜனம் வந்தது. எண்பது, தொண்ணூறு இருக்கும். பாதிப் பேர் ஸ்டேஷன் பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். மேடம் உள்ளே நாற்காலி போட்டு, பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

நான் படியில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இன்னிக்குக் கூட்டு இல்ல."

"கொஞ்சங்கூடவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரு கரண்டிகூட இல்ல."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காத்தவராயன் அண்ணன் வாசலில் நின்றபடியே கையை விரித்தார். "அப்ப சரி. ரூல் ரூல்தான். எல்லாரும் கெளம்புங்க."

திரும்பினார்கள். ஒருத்தர் கத்தவில்லை, ஒருத்தர் திட்டவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி மொத்த ஜனமும் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மமதா மேடம் பேனாவை மூடும் சத்தம் ‘டக்’கென்று கேட்டது. மூன்று பீரோவும் லாரியில் ஏறிப் போகிற காட்சி என் கண்முன் வந்தது. தார்ப்பாய்கூட ஒழுங்காகக் கட்டவில்லை.

ஃப்ரெடி அண்ணன் மட்டும் உள்ளே இருந்தார். காலையிலிருந்தே தூங்குகிறவர்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூன்று மாதம் கொல்லைச் சௌசௌ முழுவதையும் அறுத்துக் கொட்டியிருக்கிறேன். கை விரலில் நாலு வெட்டு. ஒரு நாள் கூட்டு இல்லையென்றால் ஒரு அத்தியாயம் கேட்க ஒரு ஆள் கிடையாதா? கேட்டைத் தாண்டி ஓடினேன். தெருமுனையில் ரத்தினம்மா அக்காவை மறித்தேன். பின்னாலேயே மேடமும் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"அக்கா, நில்லுங்க. ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம, என் மூஞ்சியப் பாத்து நேராச் சொல்லுங்க. இத்தினி மாசமா நீங்கெல்லாம் வந்தது புத்தகத்துக்கா, கூட்டுக்கா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சுற்றி நின்றவர்களையும் ஒரு தரம் பார்த்தார். அவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஒருத்தரும் சொல்லலப்பா. அந்தக் கூட்டை மனுசன் திம்பானா? அத்த முழுங்கினாத்தான டோக்கன் தர்ற, டோக்கன் இருந்தாத்தான கதை கேக்க உள்ள வுடற!"