செங்குத்து விமானமும் ஞானாம்பிகையின் வெங்காயமும்

வானத்தைப் பார்த்தபடியே யாழ்ப்பாணம் சீவித்த அந்த யுத்த காலத்தில், விமானம் தெரியாதவனுக்கு ஊரில் மதிப்பில்லை. கலியாணப் பேச்சில்கூட, வருவது ஹெலியா, பொம்மரா, அவ்ரோவா என்று மாப்பிள்ளை சத்தத்தை வைத்தே சொல்லுவாரா என விசாரித்தார்கள்.

மானிப்பாய்ப் பக்கத்து ஊரொன்றில் அப்போது கிராம சேவகராக இருந்தவர் முத்துக்குமாரு. அந்த ஊர் வாசிகசாலையில் சீவரத்தினம் மாஸ்டர் ஒருநாள் தான் பேப்பரில் படித்த புதினச் செய்தி ஒன்றைச் சொன்னார். ஓடுபாதையே இல்லாமல், நின்ற இடத்திலிருந்து நேரே மேலே கிளம்பி நேரே கீழே இறங்கும் போர் ஜெட் ஒன்றை வெள்ளைக்காரர் பரீட்சார்த்தமாகச் செய்தார்களாம். அது சரிவராமல் கைவிட்டார்கள் என்பதையும் மாஸ்டர் சொல்லத்தான் செய்தார். அதற்குள் கேட்டவர்கள் சைக்கிளில் ஏறிவிட்டார்கள்.

கதை பஸ் நிலையத்தைச் சுற்றி அரசாங்கக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த விமானம் கொழும்புக்கு வந்தும் விட்டது. அடுத்த கிழமை கந்தோர் அதிகாரி, பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில் புகை கக்கிக்கொண்டு வந்தார். ஊரிலுள்ள சமதளங்கள் யாவும் இன்று முதல் 'உத்தேச செங்குத்து இறங்குதளங்கள்' எனவும், பொதுமக்கள் நலன் கருதி, விமானம் இறங்காதபடி அவற்றில் பனங்குற்றி நட்டு முள்ளுக்கம்பி இழுக்க வேண்டும் எனவும் அறிவித்தார்.

"அப்பிடி ஒரு விமானம் இல்லையாம், ஐயா," என்றார் முத்துக்குமாரு.

"இல்லாத விமானத்துக்கு ஆயத்தம் செய்யக்கூடாது எண்டு மேலிடம் சொன்னதோ?"

மேலிடம் அப்படிச் சொல்லவில்லை. முத்துக்குமாருவுக்கு ஓய்வூதியம் கிட்ட வந்துகொண்டிருந்தது. சமதளங்களின் பட்டியலை எழுதத் தொடங்கினார்.

ஓடுபாதை வேண்டாத விமானத்துக்கு வீட்டு முற்றமே போதும். முற்றம் போதுமென்றால், குண்டுக்குப் பதுங்கும் பங்கரின் கூரையும் போதும். ஆகவே அங்கெல்லாம் குற்றி நட்டுக் கம்பி இழுக்கப்பட்டது. பெரிய முற்றங்களை அதிகாரி முதலாந்தரம் என்றும் மற்றவற்றை இரண்டாந்தரம் என்றும் வகுத்தார். முதலாந்தரக்காரர் குற்றிகளுக்கு வெள்ளையடித்தார்கள். இரண்டாந்தரக்காரர் முத்துக்குமாருவோடு கதைப்பதை நிறுத்தினார்கள். சிவக்கொழுந்து என்ற பெண்பிள்ளை மட்டும் அவரைத் தேடி வந்து நியாயம் கேட்டாள்.

"அவையின்ரை முற்றத்திலை இறங்கிற பிளேன் எங்கடை முற்றத்திலை இறங்காதோ? எங்களிலை என்ன குறை?"

முத்துக்குமாரு அவளுக்கும் முதலாந்தரம் கொடுத்தார்.

மிஞ்சியது அவருடைய அக்கா ஞானாம்பிகையின் வெங்காயத் தோட்டம் மட்டுமே. புருஷனை இழந்த அவளுக்கு அதுதான் சீவியம். வெங்காயம் முற்றிக் கிண்டியெடுக்கிற பருவம் வேறு. அதிகாரி வந்தபோது அவள் படலையைத் திறக்கவில்லை.

"பிளேன் இறங்கினால் வெங்காயம் போகும். உங்கடை குற்றி இறங்கினாலும் வெங்காயம் போகும். பிளேன் வராமலும் விடலாம். குற்றி வந்திட்டுது, ஐயா," என்றாள்.

தோட்டத்தில் பாத்தியும் வரம்புமாக இருப்பதால் அது சமதளமல்ல என்று முத்துக்குமாரு மெல்ல எடுத்துச் சொன்னார். உத்தியோகம் பார்த்த காலத்தில் அவர் காட்டிய ஒரே துணிவு அது. அதிகாரி யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சில நாளில் ஒரு பொம்மர் வந்தது. வழமையில் ஊரைக் கடந்து போய்விடும் சாதாரண விமானம்தான். அன்று கீழே வெள்ளைக் குற்றிகள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டிருக்க வேண்டும், வட்டமடிக்கத் தொடங்கியது. சனம் பங்கருக்கு ஓடியது. முள்ளுக்கம்பி மறித்தது. தங்கள் தங்கள் பங்கருக்குள் போக முடியாமல் ஊர் முழுவதும் ஞானாம்பிகையின் தோட்டத்துக்குள் பாய்ந்து குப்புறப் படுத்தது. படலையை அகலத் திறந்துவிட்டவள் அவள்தான்.

குண்டு ஆளில்லாத பனங்காணிக்குள் விழுந்தது. ஒருவருக்கும் கீறலில்லை. வெங்காயத்தில்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

பின்னேரம் அதிகாரி வந்து தோட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். ஊரே விழுந்து உருண்டதில் பாத்தியுமில்லை, வரம்புமில்லை.

"இப்ப இது சமதளம். முதலாந்தரம்," என்றார்.

யாராவது ஒருவர் ஏதாவது சொல்லுவார் என்று முத்துக்குமாரு சனத்தைப் பார்த்தார். குற்றி நடாத இந்தத் தோட்டத்தைக் கண்டுதான் பொம்மர் இறங்க இடம் பார்த்து வட்டமடித்தது என்று அவர்கள் தங்களுக்குள் முடிவுகட்டியிருந்தார்கள். உடம்பில் ஒட்டியிருந்த வெங்காயத்தாளைத் தட்டிவிட்டு, குற்றி தூக்கிவரப் போனார்கள்.

அலவாங்கை யாரோ முத்துக்குமாருவின் கையில் கொடுத்தார்கள். அக்காவின் பக்கம் திரும்பாமல் அவர் முதல் குழியைத் தோண்டினார்.