நாற்பதாயிரம் பேரைத் துரத்தியவன்

நாற்பதாயிரம் பேரை ஒரே நொடியில், ஒரே ஒரு தட்டு தட்டி, வாசலுக்கு வெளியே துரத்திய ஒருவனை எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள். சரி, நாலாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூச்சல் என்னவோ நாற்பதாயிரத்துக்குக் குறையவில்லை!

அவன் ஒரு புரோகிராமர். அலுவலகத்தில் பட்டப்பெயர் ‘நிதானம்’. ஒன்பது மணி வேலைக்குப் பத்து மணிக்கு வந்து, “ஏன், லேட்டாயிடுச்சா?” என்று நம்மையே கேட்பான். அவன் உருவாக்கிய இணையதளத்தில்தான் அன்று ஒரு கல்லூரியின் நாலே நாலு ஆசிரியர் வேலைக்கு ஊர் உலகமே விண்ணப்பித்துக்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணியோடு கதவடைப்பு.

மூன்று மணிக்கு அவன் மனைவி போன் செய்தாள். கணக்கு டீச்சர். வேலை போய், இந்த அறிவிப்புக்காகவே காத்திருந்தவள்.

“என்னங்க! கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன். ‘மறுபடி லாகின் செய்யவும்’னு வெளியே தள்ளிடுச்சு. அடிச்சதெல்லாம் போச்சு!”

“பதறாதே. பிரவுசர்ல குக்கீயெல்லாம் அழிச்சுட்டு மறுபடி வா.”

அழித்தாள். அரைகுறையாக மிச்சமிருந்த பக்கங்களும் சேர்ந்து போயின.

“நீங்க கட்டின வீட்ல நான்தான் முதல்ல நனையணுமா?”

நிதானத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தளத்தைத் தாங்கிய பழையது, புதியது என்ற இரண்டு சர்வர்களையும் ஒருமுறை அணைத்து மறுபடி கிளப்பினான். உள்ளே பத்திரமாக இருந்தவர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். போன்கள் அலறின. மேலாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஊமைப்படம் போலக் கையை ஆட்டிக் கத்தினார்.

“உள்ளே வந்தவங்களோட பழைய லாகின் கணக்கெல்லாம் குப்பையா சேர்ந்திருக்கு சார். இருபது நிமிஷத்துக்கு மேல சும்மா கிடக்கிறவங்களை மட்டும் பெருக்கித் தள்ளிட்டா சரியாயிடும்!”

புது சர்வரிடம் போனான். இடமில்லாததால் அது வரவேற்பறை அக்காவின் மேசை ஓரமாகக் குடியிருந்தது. திரையில் கொட்டை எழுத்தில் மணி ஓடும். ஆனால் மணியைப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால்தானே! பெருக்கச் சொல்லி ஒரு தட்டு தட்டினான்.

பெருக்கியது பாருங்கள்! குப்பையோடு சேர்த்து, அந்த நொடியில் பெயரை அடித்துக்கொண்டிருந்தவர், பாதி எழுத்தில் விரலை வைத்திருந்தவர், அத்தனை பேரும் அவுட். வெளியே தள்ளியது போதாதென்று, திரையில் ஒரு வரி எழுந்து நின்றது: ‘விண்ணப்ப நேரம் முடிந்தது.’

“என்னங்க, மூடிட்டாங்க! மணி நாலரைதானே ஆகுது?” மனைவியின் குரல் உடைந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக நிதானம் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் போனில் நாலரை. புது சர்வரில் ஐந்து! பழைய சர்வர் சரியான மணி குறித்து இப்போதுதான் உள்ளே விட்டவரும் அதன் கணக்கில் அரைமணியாகத் தூங்குகிற ஆள். துரத்தாமல் என்ன செய்யும்?

மணியைத் திருத்தினான். கதவு திறந்தது. தொலைந்தவை திரும்பவில்லை, மனைவி விரல்கள் பறக்க மறுபடி அடித்தாள். ஐந்து அடிக்க மூச்சுவிடும் நேரம் இருக்கையில், “போயிடுச்சுங்க! நம்பர் வந்துடுச்சு!” என்று போனில் துள்ளினாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை அவன் மார்தட்டிச் சொன்னான்.

“அளக்காதீங்க. ஒரு கடிகாரம் அரைமணி தள்ளி ஓடினா அத்தனை பேர் வெளியே போவாங்களா? உங்க தப்பை மறைக்க ஒரு கதை!”

வரவேற்பறை அக்கா மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

“தம்பி, அதைத் தள்ளி வெச்சது நான்தான். ஆபீஸ்ல அவர் கண்ணுல படற கடிகாரத்தையெல்லாம் அரைமணி தள்ளி வைங்க, அப்பதான் நேரத்துக்கு வருவாருன்னு உங்க வீட்டம்மாதான் நேத்து போன் பண்ணிக் கெஞ்சினாங்க.”

போனில் மிகவும் பணிவாக ஒரு குரல் வந்தது.

“நடந்திருக்கும்ங்க... நாலாயிரம் என்ன, நாற்பதாயிரம் பேரே போயிருப்பாங்க.”