பதினேழு டிகிரி சபதம்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் கல்யாணமான மனுஷனுக்கு வீட்டில் மிஞ்சும் அதிகாரம் ஒன்றே ஒன்றுதான். ஹால் சுவரில் இருந்து வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட். உயிரே போனாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று நெவில் சபதம் எடுத்தார். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரின் சாவியைத் தாலி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"டோரீன், பாய்லரைத் திருத்தியாச்சு. ரேடியேட்டருக்குக் கொதிக்கக் கொதிக்க ஓடின தண்ணியை ஐம்பத்தஞ்சு டிகிரிக்கு இறக்கிட்டேன். இனிமே டயல் பதினேழுலதான் நிக்கும். அதைத் தொட்டேன்னா நான் மனுஷனே இல்ல!"

"தொடலைன்னா மட்டும்?" என்றாள் மனைவி, மூன்றாவது ஸ்வெட்டருக்குள்ளிருந்து.

"குளுருதுன்னா இன்னொண்ணு போடு."

"இதுக்கு மேல போட்டா கை மடங்காதுய்யா. அப்புறம் டீயை நீதான் ஊட்டிவிடணும்."

ஆனால் பாருங்கள், மறுநாளே வீடு கதகதவென்று ஆகிவிட்டது! நெவில் பனியனோடு உலாவினார். ஹால் கொக்கியில் தொங்கிய டோரீனின் கோட்டை லேசாக விலக்கி டயலைப் பார்ப்பார். பதினேழு. அடடா, தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"உன்னை மாதிரி உண்டா!" என்றாள் டோரீன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமா மனுஷன்? நேரே வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு கிளைவிடம் பீற்றிக்கொண்டார்.

"பதினேழுல பனியனா? யார்கிட்ட கதை விடுற!" என்றார் கிளைவ்.

"ஞாயித்துக்கிழமை உன் சம்சாரம் பெரிலோட சாப்பிட வா. டயலை நீயே பாரு. உனக்குக் குளுந்துச்சுன்னா க்ளப் பூராவும் சொல்லு, நெவில் ஒரு புளுகன்னு."

ஞாயிறு காலை நெவில் கண் விழித்தால், பல் தந்தியடிக்கிறது. வீடு ஐஸ் பெட்டி. டயல் பதினேழு. பாய்லரில் மூச்சுப் பேச்சில்லை.

"ஐயோ, பாய்லர் படுத்துடுச்சு!"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கடைக்குப் போக என் கோட்டை எடுத்தேன், அவ்வளவுதான்." டோரீன் கோட்டுப் பையிலிருந்து உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். "இது பக்கத்துல இருந்தா, ஹால்ல பனி கொட்டுதுன்னு தெர்மோஸ்டாட் நினைச்சுக்குது. பாவம், பாய்லரை விரட்டு விரட்டுன்னு விரட்டுது."

நெவில் பட்டாணியை முறைத்தார். "அப்ப வாரம் பூரா..."

"கேஸ் ஜோரா எரிஞ்சுது."

"அடிப்பாவி! சரி, கிளைவ் வர்றதுக்குள்ள அதைத் திரும்ப வை!"

"ஏன், டயலைத் திருப்பேன்."

"வந்ததும் அவன் டயலைத்தானே பார்ப்பான்!"

"அப்ப இது சாப்பாட்டுக்கு." பட்டாணியோடு அடுப்புப் பக்கம் திரும்பினாள் டோரீன்.

க்ளப் சிரிக்கப்போவது நெவிலின் காதில் இப்போதே கேட்டது. சாவியைக் கழற்றி நீட்டினார். "இனிமே டயலும் உன்னோடது, பாய்லரும் உன்னோடது. தாயே, கோட்டை மாட்டு!"

மதியம் வீடு அடுப்பாய்க் காய்ந்தது. கிளைவ் டயலை மூக்கால் உரசிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார், ஸ்வெட்டரைக் கழற்றினார், கடைசியில் டையையும் கழற்றினார்.

"தோத்துட்டேன்யா! நாளையிலேருந்து எங்க வீட்டுலயும் பதினேழுதான். யார் தொட்டாலும் விடமாட்டேன்!"

பெரில் டோரீன் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்: "எங்க ஹால் கொஞ்சம் பெரிசு. ஒரு பாக்கெட் போதுமா?"