முட்டை வைத்துக் கார் வாங்கியவர்

பழைய சொகுசுக் கார் வாங்குவதில் எங்கள் மூலக்குளத்து முட்டைக்காரருக்கு இணையான ஆள் இந்தியாவில் கிடையாது. பிரான்சிலும் கிடையாது என்று ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரரே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் கார் பார்க்க மெக்கானிக்கை அழைத்துப் போவார்கள், மச்சானை அழைத்துப் போவார்கள், சிலர் ஜோசியரைக்கூட அழைத்துப் போவார்கள். இவர் முட்டையை எடுத்துக்கொண்டு போவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. வில்லியனூர் சாலையில் இருக்கும் டீக்கடைகளுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் முட்டை போடுகிறவர், அதனால் முட்டைக்காரர். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் அட்டை அட்டையாக அடுக்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். நடக்கும்போதுகூடக் கையில் முட்டை இருப்பதுபோலத்தான் நடப்பார். யாராவது கதவை அறைந்து சாத்தினால் பதறிப்போவார். குரல் மட்டும் இதற்கு நேரெதிர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

நான் போக்குவரத்துத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை என்னைக் கண்டால் ஹெல்மெட்டைத் தேடிய தெரு, ஓய்வு பெற்ற மறுநாளே ஆர்.சி. புத்தகங்களோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அப்படித்தான் ஒரு நாள் முட்டைக்காரரும் வந்தார்.

"சார், ஒரு காரு வாங்கணும். பெரிய காரு. ஜெர்மன்காரன் செஞ்சது."

"எதுக்கு? முட்டை ஏத்தவா?"

"அஞ்சலைய ஏத்த."

அஞ்சலையம்மா அவர் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் முக்காலி மேல் ஏறி மின்விசிறி துடைத்தபோது விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டவர். ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குள் மெல்ல நடப்பார், உட்காருவார், உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவை நிர்வாகம் செய்வார். ஆனால் குலுங்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. எங்கள் சாலைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்: வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. பிறந்த ஊரான வீராம்பட்டினத்துக்குப் போக வேண்டும். அம்மனைப் பார்க்க வேண்டும், அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போனால் அரை நாளில் போய் வந்துவிடுகிற தூரம்தான்.

"ஆம்புலன்ஸில் படுக்க வைத்து அழைத்துப் போகலாமே?" என்று யோசனை சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அஞ்சலையம்மாவின் பதில் வந்தது.

"ஆம்புலன்ஸ்ல போயி எறங்கினா எங்க அண்ணன் எம்மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாரு சார். நேரா போயி மோளக்காரனுக்குச் சொல்லிட்டு வந்துடுவாரு!"

ஒரு முறை வாடகைக் காரில் முயன்றிருக்கிறார்கள். வழியெல்லாம் வலிக்குதா, வலிக்குதா என்று இவர் கேட்க, வலிக்கல, வலிக்கல என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் மயக்கம். வண்டியைத் திருப்பினார்கள். அப்புறம் பல நாள் படுத்த படுக்கை.

"அவள கேட்டுப் பிரயோஜனம் இல்ல சார். ஊருக்குப் போவணும்ன்றதுக்காகப் பொய் சொல்லுவா. முட்டை பொய் சொல்லாது."

நான் என் கடமையைச் செய்தேன். பழைய சொகுசுக் காரை வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் வேதனை என்று விளக்கினேன். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தால் குட்டியானையை விற்க வேண்டியிருக்கும் என்றேன். சாமான் கேட்டால் சென்னை என்பார்கள், சென்னையில் கேட்டால் ஜெர்மனி என்பார்கள் என்றேன். எல்லாவற்றையும் பணிவோடு கேட்டுக்கொண்டார்.

"சரிங்க சார். எப்ப போலாம்?"

தவளக்குப்பத்தில் வீடு கட்ட வாங்கிப்போட்டிருந்த மனையை அவர் ஏற்கெனவே விற்றுவிட்டது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் கடலூர் சாலையில் ஒரு விற்பனைக்கூடத்துக்குப் போனோம். டை கட்டிய மேலாளர் ஒருவர், உள்ளே வந்த எங்களை விட்டுவிட்டு வெளியே நின்ற குட்டியானையைக் கவலையோடு பார்த்தார். பிறகு ஒரு கறுப்புக் காரைக் காட்டினார்.

"ஒரே ஓனர் சார். டாக்டர். வாரத்துல ஒரு நாள்தான் எடுப்பாரு."

என் சர்வீசில் நான் கேள்விப்பட்ட பழைய கார்கள் எல்லாமே டாக்டருடையவை. எல்லாமே வாரத்தில் ஒரு நாள் ஓடியவை. வேறு மாநிலத்து வண்டி என்பதால் அந்த ஊர் என்.ஓ.சி.யைக் கேட்டேன். கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டேன். மேலாளருக்கு ஏ.சி.யில் வியர்த்தது. அதற்குள் முட்டைக்காரர் பின்சீட்டில் ஒரு தாம்பாளத்தை வைத்து, அதில் பத்து முட்டைகளை அடுக்கிவிட்டிருந்தார். அடியில் துணி இல்லை, வைக்கோல் இல்லை.

"என்ன சார் இது?"

"முட்டை."

"எதுக்கு?"

"வண்டி ஓட்டிப் பாக்க."

"முட்டையா சார் ஓட்டும்?"

"நீ ஓட்டு தம்பி. முட்டை பாத்துக்கும்."

முதல் வேகத்தடையில் இரண்டு போயிற்று. ரயில்வே கேட்டில் மூன்றாவது. வெண்ணெய் நிறத் தோல் சீட்டில் மஞ்சள் கரு வழிந்ததைப் பார்த்த மேலாளர், அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "சார், முட்டை ஓடு மெல்லிசா இருந்திருக்கும்."

முட்டைக்காரர் உடையாத முட்டை ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு கடலூர் சாலை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, ரோட்டக் கொற சொல்லு, கேட்டுக்கறேன். என்னச் சொல்லு, அதையும் கேட்டுக்கறேன். முட்டைய மட்டும் சொல்லாத. ஒண்ணொண்ணா தட்டிப் பாத்து எடுத்தாந்தது!"

அன்றோடு இது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மூன்று மாதம் நாங்கள் பார்க்காத வண்டி இல்லை. வீடு போல் உயர்ந்த வண்டிகள், தரையில் வயிறு தேய்கிற வண்டிகள், வரி குறைவு என்பதற்காக எங்கள் ஊர் நம்பரை மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் வெயிலையே பார்த்திராத வண்டிகள். விற்பவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து எச்சரித்துக்கொண்டார்கள். ஒரு கடையில், சோதனை ஓட்டத்தில் உணவுப்பொருள் எடுத்து வரக் கூடாது என்று பலகையே மாட்டிவிட்டார்கள். ஒரு வக்கீல் மட்டும் சமரசம் பேசினார்.

"அவிச்ச முட்டை வச்சிக்கலாமே?"

"அவிச்ச முட்டைக்கு என்னா சார் வலிக்கப்போவுது?"

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் உடைந்தது போக மீந்ததை அஞ்சலையம்மா ஆம்லெட் போடச் சொல்வார். எனக்கும் ஒரு தட்டு வரும். வேண்டாம் என்று தள்ளிய கார்களையெல்லாம் நாங்கள் மிளகுத்தூள் தூவித்தான் சாப்பிட்டோம்.

கடைசியில் ஒரு சொல்தா கிடைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவர் வீட்டு முற்றத்தில் உறை போட்டு மூடிய ஒரு பெரிய ஜெர்மன் வண்டி நின்றது. ரொட்டி வாங்கப் போக மட்டும் அதை எடுப்பாராம். தாம்பாளத்தைப் பார்த்ததும் சொல்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு எல்லோரும் முசே, அதாவது ஐயா.

"என்னா முசே இது? காரு வாங்க வந்தீங்களா, கேக்கு செய்ய வந்தீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்காமல் சாவியை எடுத்து வந்தார்.

அந்த வண்டியில் குலுக்கலைத் தாங்க, சக்கரங்களுக்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப்பைகள். வேகத்தடையில் ஏறியது தெரிந்தது, இறங்கியது தெரியவில்லை. ரயில்வே கேட்டில் ஒரு முட்டை லேசாகப் புரண்டு படுத்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது பத்தும் இருந்தன. முட்டைக்காரர் கீழே இறங்கி, பின்சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். காற்றுப்பைகளுக்கு வயதாகிவிட்டது, ஒன்று கசிகிறது, மாற்றுவதென்றால் லேசில் ஆகாது என்றேன். சொல்தாவும் மறைக்கவில்லை.

"காலைல கொஞ்சம் குந்திக்கும் முசே. ஸ்டார்ட் பண்ணா எழுந்துக்கும். எனக்கும் அப்பிடித்தான்."

முட்டைக்காரர் என் பக்கம் திரும்பினார். "சரிங்க சார். பேரு மாத்த எப்ப போலாம்?"

பெயர் மாற்றம் என் துறை. எந்தப் படிவம் எந்தப் படிவத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தேன். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க வேண்டும் என்றதும், ஆள் வைக்காமல் அவரே வண்டிக்கடியில் படுத்துவிட்டார். வண்டி அஞ்சலையம்மா பெயருக்கு மாறியது.

தெருவில் பாதியை அது அடைத்துக்கொண்டது. காலையில் பார்த்தால் சொல்தா சொன்னபடியே பின்பக்கம் குந்தியிருக்கும். பால்காரர் தினமும் கேட்பார்: "என்னா முட்டைக்காரரே, வண்டி அடை காக்குதா?"

வீராம்பட்டினத்துத் தேர் அன்று வண்டிகளை அரியாங்குப்பத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஆடித் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்பே போய்விட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தேன். பின்சீட்டில் நாலு தலையணைக்கு நடுவே அஞ்சலையம்மா. பக்கத்தில் தாம்பாளம், பத்து முட்டை. அதற்கு அந்தப் பக்கம் நான், முட்டைக் கண்காணிப்பாளராக. வண்டி எடுக்கும் முன் முட்டைக்காரர் சட்டத்தை அறிவித்தார்.

"ஒண்ணு ஒடஞ்சாலும் வண்டியத் திருப்பிடுவேன். அப்புறம் அழுவக் கூடாது."

"அழுவல. மொதல்ல வண்டிய எடுய்யா. இருட்டிடப்போவுது."

காலை எட்டு மணி. இருட்டிவிடும் என்ற பயம் எனக்கும் வந்தது. அந்த வேகத்தில்தான் ஓட்டினார். சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திவிட்டு, துக்கம் விசாரிப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் ஊர்வலமாக வந்தன. ஹார்ன் சத்தத்தில் முட்டை உடையாதது ஆச்சரியம்.

"அஞ்சல, வலிக்குதா?"

"வலிக்கல."

"சார், முட்டை?"

"பத்து."

முருங்கப்பாக்கம் தாண்டினோம். அஞ்சலையம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, மூன்று வருஷத்தில் முளைத்த கடைகளின் பெயரையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறி இறங்கினோம். பத்து. கிளைச்சாலையில் திரும்பினோம். பத்து.

கொஞ்ச தூரத்தில் குழாய் பதிக்க வெட்டி அரைகுறையாக மூடிய பள்ளம். முட்டைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். முன்சக்கரம் பூப்போல இறங்கியது. பின்சக்கரம் இறங்கும்போது அடியில் "புஸ்" என்றது. வயதான காற்றுப்பை அங்கேயே பணி ஓய்வு பெற்றுவிட்டது. வண்டி பின்பக்கம் தொப்பென்று குந்தியது. ஒரு முட்டை உருண்டு இன்னொன்றில் மோதியது.

எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு ஒரு சின்னச் சத்தம். அஞ்சலையம்மாவின் கை சட்டென்று தாம்பாளத்துக்குப் போய், விரிசல் விட்ட முட்டையை மூடிக்கொண்டது. அவர் உதட்டைக் கடித்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"வலிக்குதாம்மா?" என்று காதருகே கேட்டேன்.

"வலிக்குது சார்," என்றார் அதே மாதிரி மெதுவாக. "ஆனா போவணும்."

முட்டைக்காரர் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது. "சார், முட்டை?"

ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்தது. தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது. சர்வீஸ் முழுக்க, கண்ணால் பார்க்காத வண்டிக்கு நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டதில்லை. அதனாலேயே பலருக்கு என்னைப் பிடிக்காது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டே போட்டேன்.

"பத்தும் பத்திரம். போங்க."

வண்டி பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றது. எதிரே கடல். முட்டைக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்து மனைவிக்குக் கை நீட்டினார். அந்த அம்மாள் கொடுத்த கையில் விரலிடுக்கெல்லாம் மஞ்சள் கரு வழிந்தது. முட்டைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அந்தக் கையை ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டார்.

"வெயில்ல கோழி போட்ட முட்டை சார்," என்றார், வாழ்க்கையில் முதல் முறையாக மெல்லிய குரலில். "ஓடு மெல்லிசு."

அவர்கள் திரும்பி வரவில்லை. காற்றுப்பை வரும்வரை என்றார்கள். தேர் முடியட்டும் என்றார்கள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டார்கள். முட்டைக்காரர் இப்போது அரியாங்குப்பத்துக் கடைகளுக்கு முட்டை போடுகிறார். ஜெர்மன் வண்டி படகுகளுக்கு நடுவே குந்தியிருக்கிறது. சாயங்காலத்தில் அஞ்சலையம்மா அதன் பின்சீட்டில், நாலு தலையணைக்கு நடுவே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறார். அதைவிட நல்ல நாற்காலி அந்த ஊரில் இல்லை.

நான் அன்று வீட்டுக்குத் திரும்பியது டவுன் பஸ்ஸில். மீதி ஒன்பது முட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தனுப்பியிருந்தார் முட்டைக்காரர். உட்கார இடமில்லை. அந்த பஸ்ஸுக்குக் காற்றுப்பையும் இல்லை, சுருளும் இருந்ததாகத் தெரியவில்லை. அதே பள்ளத்தில் இறங்கி, எல்லா வேகத்தடையிலும் குதித்து வந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன்.

வீட்டில் திறந்து பார்த்தால், ஒன்பதும் முழுசு. முட்டைக்காரரிடம் இன்றுவரை அதை நான் சொல்லவில்லை.