அக்காவின் வயிறும் மிஞ்சிய ஸ்க்ரூக்களும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நானும், உன் மகளும், பட்டறையில் பழுதுக்கு வந்து நிற்கும் ஒன்பது ஃப்ரிட்ஜ்களும் நலம். அங்கே பித்தப்பை நீங்கலாக உன்னுடைய மற்ற பாகங்கள் அனைத்தும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ சிரித்தால் தையல் இழுக்கிறது என்று அத்தான் எனக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டார். கடிதம் என்றால் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படி. மூச்சு முட்டினால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி, ஒன்றும் அவசரமில்லை.

முதலில் உன் கட்டளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக நின்றுகொண்டு, "டேய், அவ எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. கதை மட்டும் விடாதே" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியது தப்பு. அக்கா, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காகப் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எங்கள் தொழிலில் 'தெரியலை' என்ற வார்த்தையே கிடையாது. வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்று "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கும்போது தெரியலை என்றால் அடுத்த நிமிஷம் வேறு மெக்கானிக்குக்கு ஃபோன் போய்விடும். அதனால் பெட்டியை இரண்டு தட்டு தட்டி, "ம்ம்ம்" என்று இழுத்து, "கம்ப்ரஸர்தாம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே போன பிறகுதான் நிஜமாகவே என்ன ஆச்சு என்று பார்ப்போம். இப்படிப் பழகிய வாயிடம் ஏழு வயது வக்கீலம்மாவை ஒப்படைத்துவிட்டு நீ போய்விட்டாய். (வக்கீலம்மா என்பது நான் வைத்த பேர். அவள் குறுக்கு விசாரணையில் நின்று பார், உனக்கே புரியும்.)

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு காய்கறித் தட்டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். முதல் நாள், எதிர்வீட்டு நாயின் மூக்கு ஏன் எப்பவும் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். நான் இரண்டு தட்டு தட்டி, "உள்ளே குளிர், வெளியே சூடு, அதான் வேர்க்குது" என்றேன். அவள் உடனே போய் நாயின் வாயைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளேயும் சூடாத்தான் இருக்கு மாமா" என்று திரும்பி வந்தாள். நல்ல நாய், கடிக்கவில்லை. பல்லிக்கு வால் போனால் முளைக்கிறதே, அம்மாவுக்கு அந்தப் பையை எடுத்தால் முளைக்குமா என்றாள். "ஆர்டர் போட்டா பத்து நாள்ல ஸ்பேர் வந்துடும்" என்று சொல்லிவிட்டேன். தொப்புள் எதற்கு என்றாள். அப்போது நான் ஒரு ஃப்ரிட்ஜின் அடியில் படுத்து, தண்ணீர் வடிகிற துளையைக் குத்தி அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததே வாயில் வந்துவிட்டது. மறுநாள் டீச்சர் ஃபோன் செய்து, "குழந்தை தொப்புள்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கா, கேட்டா ஒழுகிடும்னு சொல்றா, வீட்ல யாருங்க இருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டாள். "நான் அம்மா வயித்துல இருந்தேன்ல, நான் வந்த வழியாவே திறந்து எடுத்துட வேண்டியதுதானே, எதுக்குப் புதுசா வெட்டறாங்க?" பட்டறையில் அந்நேரம் மருந்துக்கடைக்காரர், பாங்கி மேனேஜர், தையல்கார அம்மா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனவன், மூவரும் கிளம்பும்வரை அதைக் கண்டுபிடிக்கவேயில்லை.

இதெல்லாம் சிரிப்பு. இனிமேல் சொல்லப்போவது வேறு. உனக்கு ஆபரேஷன் நடப்பதற்கு இரண்டு நாள் முன்னால், பேக்கரிக்காரருடைய பெரிய ஃப்ரிட்ஜைப் பிரித்து, சரிபண்ணி, மாட்டி முடித்தேன். வழக்கம்போல மூன்று ஸ்க்ரூ மிஞ்சியது. எங்கே கழற்றினேன் என்று ஞாபகமில்லை. சுவிட்சைப் போட்டேன், ஓடியது. ஸ்க்ரூக்களை வழக்கம்போல மேசை மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். டப்பாவில் முக்கால்வாசி ஸ்க்ரூ.

"இதெல்லாம் யாரோடது மாமா?"

"மிஞ்சினது."

"எல்லாமே?"

"ஓடுதுல்ல? ஓடினா போதும்."

அவள் டப்பாவைக் கொஞ்ச நேரம் குலுக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மாவைத் திறந்துட்டுத் திரும்ப மூடறப்போ மிஞ்சினா, டாக்டர்கிட்டயும் இந்த மாதிரி டப்பா இருக்குமா?"

அக்கா, நான் கையை ஓங்கித் தட்டப் போனேன். இந்தக் கேள்விக்கு எந்தப் பெட்டியைத் தட்டுவது? "ம்ம்ம்" என்று இழுத்தேன், அதற்குப் பின்னால் கம்ப்ரஸர் வரவில்லை. பாவம், குழந்தை மிரண்டுவிட்டது. எப்படி மிரளாமல் இருக்கும்? கத்தி, கத்தரி, பஞ்சு, நூல் என்று அத்தனை சாமானோடு இன்னொருவர் நம் வீட்டு ஆளைத் திறக்கிறார். திறக்கிறவரும் என்னைப் போல ஒரு மனுஷர்தானே, அவருக்கும் மறதி இருக்கும், அவரும் "ஓடுதுல்ல" என்று சொல்லக்கூடியவர்தானே என்று அந்தப் பிஞ்சு மனசு என்னவெல்லாம் நினைத்துத் தவித்திருக்கும்! அன்றைக்குச் சாப்பிடும்போது ஒரு தட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. யாருடைய தட்டு என்று இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது, குழந்தை விஷயம். அவளுடைய நிம்மதிக்காக மட்டும்தான் நான் அடுத்த நாள் காலையில் முதல் வேலையாகப் பேக்கரிக்குப் போய், முந்தின நாளே கொண்டுபோய் வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜை மறுபடி பிரித்து, அந்த மூன்று ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் மாட்டினேன். "நல்லாத்தானே இருக்கு, எதுக்குப்பா?" என்று பேக்கரிக்காரர் மூன்று தடவை கேட்டார். "இருக்கட்டும்" என்றேன். டப்பாவைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். அதுவும் அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான்.

அதற்கு மறுநாள் காலைதான் உனக்கு ஆபரேஷன். பள்ளிக்கூடம் விடுமுறை. அத்தான் ஃபோன் எப்போது வரும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறு ஃபோன் வந்தது. மாட்டு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதாம், உடனே வரவேண்டுமாம். வக்கீலம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போன நேரம், பந்தை விழுங்கிய ஒரு நாய்க்கு ஆபரேஷன் முடிகிற கட்டம். கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக அவள் பார்க்க, அவளைத் தூக்கிப் பிடித்திருந்த நானும் பார்க்கவேண்டியதாயிற்று. உள்ளே உதவிக்கு நின்ற பெண் உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள். "கத்தரி நாலு. இடுக்கி ஆறு. பஞ்சு பதினொண்ணு." டாக்டரம்மா கையை அப்படியே நிறுத்தினார். "பன்னெண்டு இருக்கணுமே." இரண்டு பேரும் தேடினார்கள். பன்னிரண்டாவது, மேசைக்கு அடியில் டாக்டரம்மாவின் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். அதற்குப் பிறகுதான் தைத்தார்.

வெளியே வந்து கையுறையைக் கழற்றியவரை வக்கீலம்மா வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"எதுக்கு எண்ணினீங்க?"

"உள்ளே எதையாவது விட்டுட்டு மூடிடக்கூடாதுல்ல? அதான் திறக்கறதுக்கு முன்னாடி எண்ணுவோம், மூடறதுக்கு முன்னாடி எண்ணுவோம், மூடினப்புறமும் எண்ணுவோம்."

"ஒண்ணு குறைஞ்சா?"

"மூடவே மாட்டோம். கிடைக்கிற வரைக்கும் தேடுவோம்."

"மனுஷங்களுக்கும் எண்ணுவாங்களா?"

"இதைவிட ஜாஸ்தியா எண்ணுவாங்க. உங்க வீட்ல யாருக்குடா ஆபரேஷன், கண்ணு?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா குனிந்து, "பித்தப்பையா? குதிரையைப் பார்த்திருக்கியா? அதுக்குப் பித்தப்பையே கிடையாது. பிறக்கும்போதே கிடையாது. ஓடலையா அது?" என்றார். அக்கா, இத்தனை வருஷத்தில் ஒரு குதிரை ஓடுவதை நினைத்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பிறகு வக்கீலம்மா பழைய கேள்விகளையெல்லாம் மறுபடி போட, ஒரே மூச்சில் என் தவறுகள் அனைத்தும் திருத்தப்பட்டன. நாய் மூக்கை நக்கிக்கொண்டே இருப்பதால் ஈரமாக இருக்கிறது, ஈரத்தில் வாசனை நன்றாக ஒட்டும். பித்தப்பை பல்லி வால் போல முளைக்காது, கடையிலும் கிடைக்காது, ஆனால் ஈரல் நேரே குடலுக்கே சாறை அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். தொப்புள் என்பது அம்மா வயிற்றுக்குள் இருந்தபோது சாப்பாடு வந்த குழாயின் தழும்பு, எப்போதோ மூடியாகிவிட்டது. வக்கீலம்மா அங்கேயே சட்டையைத் தூக்கிப் பிளாஸ்திரியைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள். குழந்தை வெளியே வருகிற வழியைக்கூட டாக்டரம்மா நாலே வரியில், வானிலை சொல்வது போலச் சொல்லி முடித்துவிட்டார். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். இதற்காகவா நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன்?

மத்தியானம் அத்தான் கூப்பிட்டு "முடிஞ்சுடுச்சு, நல்லா இருக்கா" என்றதும், இவள் ஃபோனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, "அங்க நர்ஸம்மா இருந்தா குடுங்கப்பா" என்றாள். பெரிய நர்ஸம்மாவே வந்தார். "எண்ணினீங்களா?" என்று இவள் கேட்டாள். அந்தம்மா, "எண்ணினோம்மா, மூணு தடவை எண்ணினோம், எல்லாம் சரியா இருந்துது" என்றார். அவ்வளவுதான், என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பெரிய டபுள்டோர் ஃப்ரிட்ஜை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. குழந்தைக்கு நிம்மதி வந்துவிட்டதே என்றுதான். அந்நேரம் பார்த்து ஒரு ஃப்ரிட்ஜுக்குள் கேஸ் பிடித்துக்கொண்டிருந்தேனா, கண்ணில் ஏதோ பட்டுவிட்டது.

அன்றிலிருந்து பட்டறையில் புதுச் சட்டம். பிரிக்கும்போது எண்ணி, வக்கீலம்மா சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். மாட்டி முடித்ததும் மறுபடி எண்ணுவாள். நேற்று பாங்கி மேனேஜர் வீட்டு ஃப்ரிட்ஜ். முப்பத்தியாறு கழற்றி முப்பத்தியாறும் மாட்டினேன். மிச்சம் ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, நம்பாமல் நானே இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே அக்கா, நீ இங்கே நடப்பதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்பட வேண்டாம். உன் மகள் நடுவில் சற்று மிரண்டாள். மாமன் ஒருவன் மலை மாதிரி பக்கத்தில் நின்றதால் தெளிந்துவிட்டாள். அத்தானுக்கு என் வணக்கம். எண்ணிய நர்ஸம்மாவுக்கு இரண்டு வணக்கம். குதிரை மாதிரி ஓடி வா, ஆனால் தையல் ஆறிய பிறகு ஓடி வா.

இப்படிக்கு,
கை காலெல்லாம் எண்ணிக்கை சரியாக உள்ள
உன் தம்பி

பின்குறிப்பு: அம்மா, இது நான் எழுதறேன். மாமா கடிதத்தை ஒட்டறதுக்குப் பசை எடுக்கப் போயிருக்காரு. நான் மிரளவே இல்ல. டப்பாவைப் பார்த்துச் சும்மாதான் கேட்டேன். மாமாதான் ரெண்டு நாளா சாப்பிடல. என் தட்டை நான் சாப்பிட்டேன், மாமா ரொட்டியை எதிர்வீட்டு நாய் சாப்பிட்டுது. பேக்கரிக்கு நான் போகச் சொல்லல. நர்ஸம்மாகிட்ட கேட்டதும் மாமா காதுல விழட்டும்னுதான், அதான் ஸ்பீக்கர் போட்டேன். அன்னிக்கு மாமா கேஸ் பிடிக்கல, சும்மாதான் உக்காந்திருந்தாரு. ரொம்ப நேரம் அழுதாரு. அழுதது கண்ணுலதானே, அப்புறம் ஏம்மா மூக்குல தண்ணி வருது? மாமாகிட்ட கேட்டேன். தட்டவே இல்ல, ம்ம்ம்னும் சொல்லல. தெரியலைன்னு சொல்லிட்டாரு.