சென்னை ஒன்றரை மணி நேரம்தான்

கணக்கில் நான் புலி. பினாங்கில் எங்கள் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் என்னைக் கேட்காமல் ஓர் இயந்திரத்தையும் நகர்த்த மாட்டார்கள். (நகர்த்திவிட்டுத்தான் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.) அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு முறைதான் சறுக்கினேன். அதுவும் என் தங்கை கவிதாவின் கல்யாண விஷயத்தில்.

மாப்பிள்ளை சென்னைக்காரர். இருவருக்கும் பிடித்துவிட்டது. அவருடைய அம்மாதான் இழுத்தடித்தார். “பினாங்கு ரொம்ப தூரமாச்சே தம்பி. ஒரு நல்லது கெட்டதுன்னா எப்படிப் போய் வர்றது?” என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டார். பக்கத்தில் நின்ற கவிதாவின் முகம் வாடிவிட்டது. நான் களத்தில் இறங்கினேன்.

“போன்ல தட்டிப் பாருண்ணே, உடனே வந்துரும்லா,” என்றாள் கவிதா.

தட்டிப் பார்ப்பதற்கு எதற்கு ஒரு பொறியாளன்? உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தேன். சுமார் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கக் கொஞ்சம் சேர்த்ததில் நான்கு மணி நேரம் வந்தது. (இதுவரை எல்லாம் சரி. இன்றும் மார்தட்டிக்கொள்வேன்.) இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அதைக் கழித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்தேன்.

“அத்தை, காலையில பத்து மணிக்கு அங்க ஏறுனா பதினொன்னரைக்கு இங்க இறங்கிடலாம். ஒன்னரை மணி நேரம்தான்லா!”

அத்தை அசந்துபோய், பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். டிக்கெட் எடுத்த மாப்பிள்ளைக்கு உண்மை தெரியும். கல்யாணம் நடக்க வேண்டுமே என்று வாயே திறக்கவில்லை.

அவர்கள் வரும் நாள் காலை பதினோரு மணிக்கெல்லாம் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய மாலைகள், ஆரத்தித் தட்டு, அம்மா, கவிதா, இரண்டு சித்திகள் சகிதம் விமான நிலையத்தில் நின்றோம். பதினொன்றரைக்கு இறங்கியது கோலாலம்பூர் விமானம். முதலில் வெளியே வந்த பட்டுப்புடவை அம்மாவுக்குச் சின்னச் சித்தி ஆரத்தியே சுற்றிவிட்டார். அவர் குழப்பத்தோடு தட்டில் பத்து வெள்ளி நோட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறிப் போனார்.

பிறகுதான் பலகையைப் பார்த்தேன். சென்னை விமானம், மாலை நாலரை. எங்கள் கடிகாரம்தான் முன்னால் ஓடுகிறது; அந்த இரண்டரையை நான் கூட்டியிருக்க வேண்டும்.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் வீட்டுக்குப் போய் வரலாமென்றால் பாலத்தில் நெரிசல். அங்கேயே உட்கார்ந்தோம். மாலை தொங்கிப்போனது. சித்திகள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

நாலரைக்கு மேல் அத்தை மகனோடு வந்தார். “ஒன்னரை மணி நேரம்னு சொன்ன தம்பி எங்க?” கவிதா எங்கள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் சித்திகளுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

பெரிய சித்திதான் முன்னால் போனார். “அப்புறம் திட்டுங்க சம்பந்தியம்மா. அவன் கணக்க நம்பி நாங்களும் காலையிலேர்ந்து இங்கதான் கெடக்குறோம்.”

அத்தை வாடிய மாலைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். “எங்களுக்காகவா? காலையிலேர்ந்தா?” என்றவர் சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேருமுன் காரிலேயே தேதி பேசி முடித்தார்கள்.

ஊர் திரும்பிய அன்று அவரிடமிருந்து அழைப்பு. “தம்பி, பத்து மணிக்கு அங்க ஏறினோம். இங்க இறங்கிக் கடிகாரத்தைப் பாத்தா பதினொன்னரை! உங்க கணக்கு சரிதான்.” எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு சரி, திசைதான் மாறிவிட்டது!

இப்போது கவிதா சென்னையில் இருக்கிறாள். பினாங்குக்கு வரப் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் மாமியார் மடக்குவாராம்: “அங்க போக ஆறரை மணி நேரம், இங்க வர ஒன்னரை. உங்கண்ணன் கணக்குப்படி புகுந்த வீடுதாம்மா பக்கம்!”